அம்மாவை எருசலேமுக்கு அனுப்பலாமா? அங்கே என்ன கிடைக்கும்?

கேள்வி இதுதான்: "அம்மாவுக்கு 61 வயது. மூட்டுவலி உண்டு. எருசலேம் போய்வர வேண்டும் என்பது பல வருட ஆசை. போய்வந்த சித்தியோ, 'எங்கே பார்த்தாலும் கூட்டம், கடைத்தெரு. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை' என்கிறார். அப்பா, 'அந்தப் பணத்தை நாலு ஏழைகளுக்குக் கொடுக்கலாம்' என்கிறார். அந்த இடங்கள் உண்மையானவைதானா? போவதால் ஆவிக்குரிய பயன் ஏதாவது உண்டா?"

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை சபையாரோடு பத்து நாள் பயணம்: யோர்தான், இஸ்ரேல், எகிப்து என்று மூன்று நாடுகள். இரண்டாம் முறை, பணி ஓய்வு பெற்றபின், நாலைந்து பேராக மெதுவாக. முதல் பயணத்தில் எனக்கும் உங்கள் சித்தியின் கதைதான். இயேசுவை அடக்கம் செய்ததாக நம்பப்படும் இடத்தில் கட்டிய திருக்கல்லறை ஆலயத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நின்றேன். உள்ளே போனதும் கல்லைத் தொட்டேன். ஜெபிக்கக் கண்ணை மூடுவதற்குள் துறவி ஒருவர் கையால் சைகை காட்டி வெளியே அனுப்பிவிட்டார். பக்கத்தில் ஒரு அம்மா தேம்பி அழுதுகொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. நம் விசுவாசத்தில்தான் ஏதோ கோளாறு என்று இரவெல்லாம் தூக்கமில்லை. அதனால் சித்தியைக் குறை சொல்ல மாட்டேன்.

அப்பாவுக்கும் நல்ல துணை இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் நிசா நகரத்து கிரகோரி என்ற ஆயர் எருசலேமுக்குப் போய்வந்துவிட்டு, இடம் மாறுவதால் யாரும் தேவனிடம் நெருங்கிவிடுவதில்லை என்று கடிதம் எழுதினார். வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த எரோணிமு, பரலோகத்தின் வாசல் எருசலேமிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் ஒரே தூரம்தான் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் அதை எழுதியபோது அவர் குடியிருந்தது பெத்லகேமில்! 386இல் அங்கே தங்கியவர் 420இல் சாகும்வரை ஊரை விட்டுப் போகவில்லை. போக வேண்டிய கட்டாயம் இல்லை என்று சொன்னவரே அங்கிருந்து நகர மனமில்லாமல் இருந்திருக்கிறார். என் நிலையும் ஏறக்குறைய அதுதான். எருசலேம் போகாவிட்டால் எதுவும் குறைந்துவிடாது. சமாரியப் பெண்ணிடம் ஆண்டவரே, "நீங்கள் இந்த மலையிலும் எருசலேமிலும் மாத்திரமல்ல, எங்கும் பிதாவைத் தொழுதுகொள்ளுங்காலம் வருகிறது" என்று சொல்லிவிட்டார். கடன் வாங்கிப் போவதானால் வேண்டாம். சேமித்த பணம் கையில் இருந்து, அம்மாவுக்கும் ஆசை இருந்தால் தாராளமாகப் போகட்டும். எதைத் தேடிப் போகிறோம் என்பது மட்டும் தெளிவாக இருக்க வேண்டும்.

சரி, இடங்கள் உண்மையா? எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. கலிலேயாக் கடல், ஒலிவமலை, எரிகோ, யாக்கோபின் கிணறு, பெதஸ்தா குளம், கப்பர்நகூம் ஆகியவற்றில் பெரிய சந்தேகம் கிடையாது. மலைப்பிரசங்கம் நடந்த மேடு, மறுரூப மலை, கானா ஊர் எல்லாம் பாரம்பரியம் காட்டுகிற இடங்கள். சிலுவைப்பாடு நடந்த வழி என்று இன்று நடத்திச் செல்கிற தெரு பிற்காலத்தில் வகுத்த பாதை. பிலாத்து நியாயம் விசாரித்தது நகரத்தின் மேற்கே ஏரோதின் அரண்மனையில்தான் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அது சரியென்றால் வழியின் திசையே வேறு.

திருக்கல்லறை ஆலயத்தின் கதை கொஞ்சம் விரிவானது. நகரத்தின் நடுவே, மதிலுக்குள் இருக்கிற இடத்தில் எப்படிக் கல்லறை இருந்திருக்கும் என்பதுதான் பழைய ஆட்சேபம். இயேசுவின் காலத்தில் அந்த இடம் மதிலுக்கு வெளியேதான் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து, 41க்கும் 44க்கும் இடையே, ஏரோது அகிரிப்பா மதிலை விரித்துக் கட்டத் தொடங்கியபோது அது உள்ளே வந்தது. ஆலயத்துக்குள்ளேயே சீரியக் கிறிஸ்தவர்களின் சிற்றாலயத்துக்குப் பின்னால் அந்தக் காலத்துக் கல்லறைக் குழிகளை இன்றும் பார்க்கலாம். மதிலுக்குள் யூதர் பிணம் புதைக்க மாட்டார்கள். 2016 அக்டோபரில் பழுதுபார்ப்புக்காகக் கல்லறையின் சலவைக்கல் பலகையைத் தூக்கினார்கள். அடியிலிருந்த சாந்தைச் சோதித்ததில் அது 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது, அதாவது பேரரசன் கான்ஸ்டன்டைன் கட்டிய ஆலயத்தின் காலத்தது என்று தெரிந்தது. இது உயிர்த்தெழுதலுக்குச் சான்றாகாது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளாக மக்கள் இதே கல்லைத் தேடி வந்திருக்கிறார்கள் என்பதற்குச் சான்று, அவ்வளவுதான். நம் சபையார் பலருக்குப் பிடிக்கிற 'தோட்டக் கல்லறை' அமைதியானது, பூச்செடிகளோடு அழகானது. ஆனால் அந்தக் குகை இயேசுவுக்குப் பல நூறாண்டுகளுக்கு முன்பே வெட்டப்பட்டது என்பது தொல்லியலாளர்களின் முடிவு. இயேசுவை அடக்கம் செய்ய அரிமத்தியா ஊர் யோசேப்பு கொடுத்தது புதிய கல்லறை. எனவே இது அதுவாக இருக்க வாய்ப்பு குறைவு. என்றாலும் உட்கார்ந்து திருவிருந்து எடுக்க அதைவிட நல்ல இடம் எருசலேமில் கிடையாது. அம்மாவை இரண்டுக்கும் போகச் சொல்லுங்கள்.

இரண்டாம் பயணத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குத் திருக்கல்லறை ஆலயத்துக்குப் போனேன். கூட்டம் இல்லை. அப்போதுதான் அந்த ஆலயம் எப்படிப்பட்டது என்று பார்க்க முடிந்தது. ஆறு சபைகள் அதைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன: கிரேக்கர், பிரான்சிஸ்கன் கத்தோலிக்கர், அர்மீனியர், எகிப்தின் காப்டிக் சபையார், சீரியர், எத்தியோப்பியர். எந்தத் தூணை யார் துடைப்பது, எந்த விளக்கை யார் ஏற்றுவது என்பது வரைக்கும் பழைய ஒப்பந்தம் இருக்கிறது. முகப்பில் ஒரு சன்னலுக்குக் கீழே சின்ன மர ஏணி ஒன்று நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டிலிருந்தே அது அங்கே இருக்கிறது. எல்லோரும் சம்மதிக்காமல் எடுக்கக் கூடாது என்பதால் யாரும் எடுப்பதில்லை. 2002இல் ஒரு கோடைநாளில் மொட்டைமாடியில் காவலிருந்த காப்டிக் துறவி வெயில் தாங்காமல் நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினார். எத்தியோப்பியத் துறவிகள் அதை எல்லை மீறலாக எடுத்துக்கொள்ள, கைகலப்பில் 11 பேர் காயமடைந்தார்கள். ஆலயத்தின் சாவி இருப்பது ஒரு முஸ்லிம் குடும்பத்திடம். கதவைத் திறந்து மூடுவது இன்னொரு முஸ்லிம் குடும்பம். பல நூற்றாண்டு வழக்கம் இது. கிறிஸ்தவர்கள் ஒருவரை ஒருவர் நம்பிச் சாவி கொடுக்க மாட்டார்கள்!

இதைக் கேட்டுச் சிலர் மனம் உடைந்துபோகிறார்கள். எனக்கு நேர்மாறாக இருந்தது. நம் ஊர்ச் சபைத் தேர்தலையும் கல்லறைத் தோட்டத் தகராறுகளையும் பார்த்துப் பழகியவனுக்கு அங்கே அன்னியமாக எதுவுமில்லை. இவ்வளவு சண்டைக்கும் நடுவில், அந்த அதிகாலையில், ஒரு மூலையில் அர்மீனியப் பாட்டும் இன்னொரு மூலையில் கிரேக்கத் தூபமும் கலந்து வந்தபோது, முதல் முறை வராத அழுகை வந்தது. காரணம் கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது.

ஆனால் நான் அங்கே அதிகம் கற்றுக்கொண்டது ஆலயங்களில் இல்லை. அந்த நிலத்தின் மேடு பள்ளத்தில். இதை எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் நிறுத்திச் சொல்வதில்லை, பேருந்தில் தூங்கிவிட்டால் தவறிவிடும். கலிலேயாக் கடல் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 210 மீட்டர் கீழே கிடக்கிறது. எரிகோ இன்னும் கீழே, ஏறத்தாழ 250 மீட்டர். எருசலேமோ கடல்மட்டத்துக்கு 750 மீட்டருக்கு மேலே. எரிகோவிலிருந்து எருசலேமுக்கு 30 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் ஆயிரம் மீட்டர் ஏற்றம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுகிற உயரம் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். நாம் கொண்டை ஊசி வளைவு எண்ணிக்கொண்டு பேருந்தில் போகிறோம். அங்கே நிழலுக்கு ஒரு மரம் இல்லாத மொட்டைப் பாறை வழியில் நடந்தே போனார்கள். எரிகோவை விட்டுப் புறப்பட்ட இயேசு சீஷர்களுக்கு "முந்தி நடந்துபோனார்" என்கிறது லூக்கா. சிலுவைக்குப் போகிற கடைசி மலையேற்றத்தில் முன்னால் நடந்தவர் அவர்! இந்த வசனத்தைச் சிறுவயதிலிருந்து வாசித்திருக்கிறேன். அந்த மலையைப் பார்க்கும்வரை அது எனக்கு வெறும் பயணக்குறிப்பாகத்தான் இருந்தது.

நல்ல சமாரியன் உவமையும் இதே வழியில்தான். அடிபட்டவனைக் கழுதையில் ஏற்றி இந்தச் சரிவில் நடத்திப்போவது என்றால் சமாரியன் பக்கத்திலேயே தாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்திருக்க வேண்டும். இரக்கம் என்பது எவ்வளவு வியர்வை பிடித்த வேலை என்று அங்கே புரியும்.

சங்கீத புத்தகத்தில் 120 முதல் 134 வரை 'ஆரோகண சங்கீதம்' என்று தலைப்பு இருக்கும். ஆரோகணம் என்றால் நமக்குச் சங்கீத வகுப்பில் சொல்லிக்கொடுத்த ச ரி க ம ப த நி தான் நினைவு வரும். இங்கே அது எருசலேமுக்கு ஏறிப்போகிற பாட்டு. "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்பதைப் பேருந்து எரிகோவிலிருந்து ஏறும்போது சத்தமாக வாசியுங்கள். பழைய யூத தேவாலயம் இருந்த இடத்தின் தெற்குப் பக்கத்தில் அகழ்ந்தெடுத்த படிக்கட்டு இருக்கிறது. ஒரு படி அகலம், அடுத்தது குறுகல் என்று மாறிமாறி வரும். ஓடி ஏற முடியாது, நிதானமாகத்தான் ஏற முடியும். இயேசுவின் கால் பட்டிருக்கக்கூடிய கல் என்று நான் துணிந்து சொல்வது இந்தப் படிகளைத்தான். அங்கே கூட்டமே இருப்பதில்லை.

அப்புறம் கெத்செமனே. அந்தப் பெயருக்கு எண்ணெய்ச் செக்கு என்று பொருள். அங்கே எட்டுப் பழைய ஒலிவ மரங்கள் நிற்கின்றன. இயேசு இவற்றின் அடியிலேயே ஜெபித்தார் என்று சிலர் சொல்வார்கள். 2012இல் வெளியான ஆய்வில், வயதைக் கணிக்க முடிந்த மூன்று மரங்களின் அடிமரம் 11ஆம், 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தெரிந்தது. எட்டும் ஒரே தாய்மரத்தின் வழிவந்தவை என்பதும் தெரிந்தது. ஆகவே அதே மரங்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நான் சொல்ல வந்தது மரங்களைப் பற்றி இல்லை.

தோட்டத்தில் நின்று நிமிர்ந்து பாருங்கள். எதிரே கெதரோன் பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் நகரத்தின் மதில். இடையே மறைக்க எதுவும் இல்லை. அது பஸ்கா இரவு, பௌர்ணமி. யூதாஸோடு வந்தவர்கள் "பந்தங்களோடும் தீவட்டிகளோடும்" வந்தார்கள் என்று யோவான் எழுதுகிறார். அந்தத் தீவட்டிகள் வாசலை விட்டு வெளியே வருவதும், பள்ளத்தில் இறங்குவதும், இந்தப் பக்கம் ஏறுவதும் தோட்டத்திலிருந்து அப்படியே தெரிந்திருக்கும். இப்போது திரும்பி முதுகுப்பக்கம் பாருங்கள். ஒலிவமலை. ஏறி உச்சியைக் கடந்தால் பெத்தானியா, அதைத் தாண்டினால் யூதேயா வனாந்தரம். அங்கே போய்விட்டால் ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அப்சலோமுக்குப் பயந்து தாவீது ராஜா ஓடியது இதே வழிதான்: கெதரோனைக் கடந்து, வெறுங்காலோடு அழுதுகொண்டு ஒலிவமலை ஏறி, வனாந்தரத்துக்கு. தாவீதின் குமாரன் என்று அழைக்கப்பட்ட இயேசுவுக்கு அந்த வழி தெரியாமலா இருக்கும்? வருகிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள், ஓட நேரம் இருக்கிறது, வழியும் திறந்து கிடக்கிறது. அவர் "எழுந்திருங்கள், போவோம்" என்று தீவட்டிகள் வருகிற திசைக்கு எழுந்து போனார். "என் சித்தத்தின்படியல்ல" என்ற ஜெபத்துக்கு அந்தச் சரிவில் நின்று ஓர் அர்த்தம் கிடைத்தது.

அந்தத் தோட்டத்தில் நின்றபோது என் அண்ணன் முகம் நினைவுக்கு வந்தது. நிலத் தகராறில் ஆறு வருடம் நாங்கள் பேசவில்லை. எதிரே வந்தால் தெருவை மாற்றிக்கொள்வேன். ஊர் திரும்பிய மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி காப்பி கொடுத்தார்கள். அண்ணன் பயணத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். வழக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பேசுகிறோம்.

யோர்தான் நதியைப் பார்த்ததும் அம்மாவுக்கு நிச்சயம் சப்பென்று போகும். ஞானஸ்நான இடத்தில் அது சில மீட்டர் அகலமுள்ள கலங்கல் வாய்க்கால். மேலே இஸ்ரேலும் யோர்தானும் சிரியாவும் தண்ணீரைத் திருப்பிக்கொண்டதில் பழைய ஓட்டத்தில் கொஞ்சமே மிஞ்சியிருக்கிறது. எங்கள் குழுவில் திருநெல்வேலிக்காரர் ஒருவர், "இதுக்கு நம்ம தாமிரபரணி எவ்வளவோ தேவலை" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குஷ்டரோகம் நீங்க யோர்தானில் முழுகச் சொன்னபோது சிரியப் படைத்தலைவன் நாகமான் சொன்னதும் இதைத்தானே? தமஸ்குவின் நதிகள் இஸ்ரவேலின் தண்ணீர்களைவிட நல்லதல்லவா என்று கோபித்துக்கொண்டு திரும்பினான். ஏமாற்றமும் அந்த நதியின் வேதப் பாரம்பரியம்தான்! நதியின் நடுவே இரு நாட்டு எல்லை ஓடுகிறது. 1967 போருக்குப்பின் நதியின் மேற்குப் பக்கக் கரை கண்ணிவெடி நிலமாகக் கிடந்து, 2011இல்தான் மக்களுக்கு முழுமையாகத் திறந்தார்கள். இந்தக் கரையில் நாங்கள் தமிழ்ப் பாட்டு பாட, கூப்பிடு தூரத்தில் அந்தக் கரையில் வேறொரு நாட்டார் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சிலர் அங்கே மறுபடி ஞானஸ்நானம் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஒருமுறை எடுத்தது போதும். தண்ணீரில் நின்று அந்த உடன்படிக்கையை நினைத்துக்கொண்டால் நிறைவாக இருக்கும்.

கலிலேயாவில் படகுச் சவாரி உண்டு. நம் தேசியக்கொடியை ஏற்றி, தேசியகீதமும் போடுவார்கள். அது போகட்டும். கரையில் கினோசார் அருங்காட்சியகத்தில் ஒரு பழைய படகு இருக்கிறது, அதைத் தவறவிட வேண்டாம். 1986இல் வறட்சியால் நீர் வற்றியபோது இரண்டு மீனவச் சகோதரர்கள் சேற்றில் கண்டுபிடித்தது. இயேசுவின் காலத்தை ஒட்டியது, 8 மீட்டருக்குச் சற்று கூடுதல் நீளம். பத்துக்கும் மேற்பட்ட வகை மரத்துண்டுகளால் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறார்கள். பேதுரு விட்டுவிட்டு வந்தது இப்படிப்பட்ட ஒரு படகைத்தான். கப்பர்நகூம் இன்று கருங்கல் இடிபாடு. இயேசு பலத்த செய்கைகளை அதிகமாகச் செய்தும் மனந்திரும்பாத ஊர்களில் அதுவும் ஒன்று, "நீ பாதாளபரியந்தம் தாழ்த்தப்படுவாய்" என்று கேட்ட ஊர். கண்ணால் பார்த்தால் விசுவாசம் வளர்ந்துவிடும் என்று நினைத்து வருகிறவர்கள் அங்கே கொஞ்சநேரம் உட்கார வேண்டும். நாசரேத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாசரேத் என்றால் எனக்கு இன்னும் திருச்செந்தூர் ரயில் நிற்கிற நம் நாசரேத்துதான் முதலில் நினைவு வருகிறது.

பெத்லகேம் ஆலயத்தின் வாசல் ஏறத்தாழ நாலடி உயரம். குதிரையோடு உள்ளே நுழைவதைத் தடுக்கக் குறுக்கினார்கள் என்பார்கள். பெரியவர்கள் குனிய வேண்டும், குழந்தைகள் நேராக நடந்து போகலாம். இதை எல்லாப் போதகரும் பிரசங்கத்தில் சொல்லிவிட்டார்கள். யாரும் சொல்லாத ஒன்று: பெத்லகேம் பாலஸ்தீனப் பகுதியில் இருக்கிறது, சோதனைச்சாவடியையும் பெரிய கான்கிரீட் சுவரையும் கடந்துதான் போக வேண்டும். ஒருகாலத்தில் பெரும்பான்மையாக இருந்த கிறிஸ்தவர்கள் அங்கே இன்று சிறுபான்மை. பலரும் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார்கள். மீதமுள்ளவர்களில் பல குடும்பங்களுக்கு ஒலிவமரச் சிற்பமும் விடுதி வேலையும்தான் சோறு. ஒரு ஞாயிறு ஆராதனையாவது அவர்களோடு, அரபியில், புரியாவிட்டாலும் உட்கார்ந்து வரச் சொல்லுங்கள். பேதுரு சொன்ன "ஜீவனுள்ள கற்கள்" அவர்கள்தான். செத்த கற்களைப் பார்த்துவிட்டு அவர்களைப் பார்க்காமல் வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்பாவின் ஏழைகள் பற்றிய கேள்விக்கும் இதில் கொஞ்சம் பதில் இருக்கிறது.

எப்படிப் போவது? எகேரியா என்ற பெண் 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த இடங்களையெல்லாம் சுற்றி எழுதிய குறிப்பு கிடைத்திருக்கிறது. எங்கே போனாலும் அவர்கள் முதலில் ஜெபித்தார்கள், பிறகு அந்த இடத்துக்குரிய வேதபகுதியை வாசித்தார்கள், ஒரு சங்கீதம் சொன்னார்கள், மறுபடி ஜெபித்தார்கள். இதைவிட நல்ல முறை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. (சிலுவை மரத்தை முத்தமிடும் சாக்கில் யாரோ ஒருவன் கடித்துத் துண்டை எடுத்துப்போனதால் உதவிக்குருமார் காவல் நின்றார்கள் என்றும் அவரே எழுதுகிறார். அன்றைக்கும் கூட்டம் அப்படித்தான்.) படம் எடுப்பது வாசித்த பிறகு.

மூன்று நாடு, பத்து நாள் திட்டம் வேண்டாம். எங்களை அழைத்துப்போன நிறுவனம் ஒரே நாளில் ஏழு இடம் காட்டியது, எது எங்கே இருந்தது என்று இரவில் யாருக்கும் நினைவில்லை. எருசலேமில் குறைந்தது மூன்று இரவு தங்குகிற பயணமாகப் பாருங்கள். மூட்டுவலிக்கு சீனாய் மலையேற்றத்தைத் தவிர்த்துவிடலாம். ஒலிவமலையில் மேலே இறங்கிக் கீழ்நோக்கி நடக்கலாம், ஆனால் சரிவு செங்குத்து, கைத்தடி வேண்டும். மலைமேல் கர்த்தருடைய ஜெபம் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் சுவரில் பதித்திருக்கிற ஆலயத்தில் தமிழ்ப் பலகையும் உண்டு, தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். செலவுக்குத் தமிழக அரசு எருசலேம் பயணத்துக்கு மானியம் தருகிறது. 20,000 ரூபாயில் தொடங்கியது, பின்னர் 37,000 ஆனது. இப்போதைய விதிகளைச் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேளுங்கள். 2023 அக்டோபர் முதல் அங்கே நிலைமை அடிக்கடி மாறுகிறது. நம் வெளியுறவுத் துறையின் அறிவிப்பைப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். போகக் கூடாது என்றால் அடுத்த வருடம் போகலாம்.

கடைசியாகச் செருப்பு. பழைய எருசலேமின் தெருக்கற்கள் நூற்றாண்டுக் கணக்கில் மிதிபட்டு வழவழவென்று இருக்கும், மழைத்தூறல் விழுந்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். அடியில் நல்ல பிடிப்புள்ள காலணியை இப்போதே வாங்கி, ஒரு மாதம் தினமும் போட்டு நடந்து பழகட்டும். புதுச்செருப்போடு விமானம் ஏற வேண்டாம்.